45 டாலர் குதிரை லாடமும் 6 டாலர் சேவலும்

என் சமையலறைச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு போய் "இதெல்லாம் எங்கே வாங்கினீங்க, நிஜமாவே பழசா" என்று பிறகு மெசேஜ் போட்டவர்கள் இதுவரை மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். குடியிருப்பது பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கம். இரண்டு வருடத்தில் 11 வார்ப்பு டிரிவெட் வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்றில் நன்றாக ஏமாந்தேன், இரண்டு தேவையே இல்லாமல் வாங்கியது, மீதி எட்டும் சுவரிலோ சாப்பாட்டு மேசையிலோ வேலை செய்கின்றன.

தெரியாதவர்களுக்கு: டிரிவெட் என்றால் சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கிற, கால் வைத்த சின்னத் தட்டு. மூன்று கால் என்கிற பொருளில் லத்தீனிலிருந்து வந்த சொல், அப்படியே நம் முக்காலி. பெயர்தான் அப்படி, கடையில் பார்த்தால் நாலு கால் உள்ளதும் நிறைய கிடைக்கும். எங்கள் அப்புச்சி வீட்டில் இந்த வேலையை வைக்கோல் பிரியைச் சுற்றிச் செய்த பிரிமணை பார்த்தது. கரி பிடித்த பானை அதன்மேல் உட்காரும், பிய்ந்து போனால் அடுப்பில் போட்டுவிட்டு வேறு ஒன்று சுற்றிக்கொள்வார்கள். அதற்கு எவனும் காசு கொடுத்ததில்லை, சுவரில் மாட்டியதும் இல்லை. நான் மாட்டியிருப்பதைப் பார்த்து அம்மா என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

வாங்கப் போகும் முன் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். பழம்பொருள் கடைகளில் டிரிவெட் என்று மாட்டித் தொங்குகிற பழைய உருப்படிகளில் நிறைய, பாத்திரம் வைக்கச் செய்ததே கிடையாது. அவை இஸ்திரிப் பெட்டி வைக்கிற தாங்கிகள். நம் ஊர் இஸ்திரிப் பெட்டிக்கு வயிற்றுக்குள் கரி இருக்கும், அது தானே சூடாக இருக்கும். இங்கே 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு இருந்தது கட்டி இரும்பு, உள்ளே ஒன்றுமே இல்லாத கனத்த துண்டு. அதை அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கி, தேய்த்து, ஆறியதும் மறுபடி அடுப்பில் வைத்து, அதற்குள் சூடாகியிருக்கும் இன்னொன்றை எடுக்க வேண்டும். துணியை மடிக்கும் நேரத்தில் அதை எங்கே வைப்பது? அதற்குத்தான் இந்தத் தாங்கி. ஒரு முனை கூராக, இஸ்திரிப் பெட்டியின் வடிவத்திலேயே இருந்து, சில சமயம் பின்னால் ஒரு பிடியும் இருந்தால் அது இஸ்திரித் தாங்கி என்று வைத்துக்கொள்ளலாம். வட்டமாகவோ சதுரமாகவோ இருந்தால் சமையலறைச் சாமானாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, ஏமாந்த கதை. பக்கத்து மாநிலத்தில் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு பழம்பொருள் கடை, பெயர் வேண்டாம். மழைக்கு ஒதுங்கப் போனோம். உள்ளே சுவரில் ஒரு குதிரை லாட வடிவ டிரிவெட், சுற்றிலும் எழுத்து, இந்தத் தாங்கியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் நல்லதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்கிற வாழ்த்து, அதோடு ஒரு பழைய வருடம். கறுப்பாக, அங்கங்கே துரு. விலைச் சீட்டில் 65 என்று இருந்தது, நான் பேரம் பேசி 45க்குக் கொண்டுவந்துவிட்டேன். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் பொருளைப் பார்க்க மறந்துவிட்டேன். காரில் ஏறியதிலிருந்து வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன், வெள்ளைச் சுடிதாரில் ஆரஞ்சு நிறத்தில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம்.

அன்று இரவே மாமாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். மாமா கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் ஷாப்பில் 30 வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். பம்ப்செட்டு உடம்பு, மோட்டார் மூடி என்று வாழ்நாள் முழுக்க மணல் அச்சுக்கு மர மாதிரி செதுக்கியவர். நான் பெருமையாகக் குதிரை லாடத்தை கேமராவுக்கு நேராகப் பிடித்தேன்.

"மூஞ்சியப் பாத்து என்னம்மிணி பண்றது, திருப்பிக் காட்டு" என்றார்.

திருப்பினேன். கொஞ்சம் கிட்டே கொண்டுவரச் சொன்னார். ஓரத்தில் வரிசையாக, ஒரே திசையில், மெல்லிய கீறல்கள். "இதுதான் கிரைண்டிங் வீல் போட்ட தடம். ஃபெட்லிங் பண்ணியிருக்கான். மிசின்ல புடிச்சுச் சரக்குனு தேய்ச்சு உட்டுருக்கான். அந்தக் காலத்து ஆளுக கையில அரம் போட்டிருப்பாங்க, இல்லீன்னா ஒடச்சு அப்படியே உட்டுருப்பாங்க."

"ஆனா மாமா, அதுல வருசம் போட்டிருக்குங்களே?"

"வருசம் போட்ட சாமானத் தூக்கி மண்ணுல அமுக்குனா, வருசமும் சேர்ந்துதானே உழுகும்?"

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு 45 டாலர் கொடுத்தேன் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் சொன்னதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொன்றிலும் உதவியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரும்பு உருகி அச்சுக்குள் போய் ஆறும்போது சுருங்கும், ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு. அதனால்தான் பேட்டர்ன் செய்கிறவர்கள் சாதா ஸ்கேலை வைத்து அளக்க மாட்டார்கள். அவர்களிடம் சுருக்க ஸ்கேல் என்று ஒன்று இருக்கும், வார்ப்பிரும்புக்கு அடிக்கு எட்டில் ஒரு இஞ்ச் கூடுதலாகக் கோடு போட்டது. மாமாவின் மரப்பெட்டியில் இன்னும் ஒன்று கிடக்கிறது, சின்ன வயதில் அதை எடுத்துப் போய் வீட்டுப்பாடத்துக்கு அளந்து திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது ஒருவன் புதிதாக மாதிரி செதுக்காமல், பழைய டிரிவெட்டையே மாதிரியாக வைத்து மணலில் அமுக்கி வார்த்தால் என்ன ஆகும்? அந்தக் கூடுதல் அளவு அதில் கிடையாது. புதுசு பழசைவிட ஒரு சதவீதம் சின்னதாகப் பிறக்கும். 8 இஞ்ச் சாமானில் அது சுமார் 2 மில்லிமீட்டர். அந்த நகலை வைத்து இன்னொருவன் நகல் எடுத்தால் இன்னும் 2. கூடவே எழுத்தின் விளிம்பெல்லாம் மழுங்கி, சோப்பில் எழுதியது போல ஆகிவிடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி.

இது நிஜமா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு வெறி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடம்ஸ்டவுன் கிளம்பினோம். லான்காஸ்டர் மாவட்டத்தில், டர்ன்பைக் என்கிற சுங்க நெடுஞ்சாலையில் 286ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் 272ஆம் சாலை நெடுகப் பழம்பொருள் கடைகள்தான், ஊரே தன்னை அமெரிக்காவின் பழம்பொருள் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும். ஞாயிறு சந்தைக்குச் சீக்கிரம் போங்கள், நல்லதெல்லாம் வியாபாரிகளே ஒருவருக்கொருவர் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். நாங்கள் இட்லியைக் கட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பத்து. இரும்புச் சாமான் மட்டுமே வைத்திருந்த ஒரு பாட்டியிடம் அதே குதிரை லாடம் கிடைத்தது, பழசு. என்னுடையதைப் பையிலிருந்து எடுத்ததும் அவர் சிரித்துவிட்டார், ஆனால் கேலியாக இல்லை. இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேல் விளிம்பைச் சரியாகச் சேர்த்தால் கீழே அவருடையது ஒரு நூல் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நூலைப் பார்த்தபோது எனக்கு மாமாவை அங்கேயே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது, கோயம்புத்தூரில் அப்போது இரவு எட்டு, சீரியல் நேரம், விட்டுவிட்டேன்.

பாட்டி இன்னொன்றும் காட்டினார். என்னுடையதில் ஒரு காலுக்குப் பக்கத்தில் மட்டும் வட்டமாக, காசு அளவுக்கு, மற்ற இடத்தைவிட ஆழமாகத் தேய்த்திருந்தது. "இங்கே தைவான் என்று எழுதியிருந்திருக்கும்" என்றார். 1970களை ஒட்டி ஆசியாவிலிருந்து இப்படி நிறைய வந்திருக்கின்றன, ஊர் பெயரோடு வந்ததில் ஒரு தப்பும் இல்லை. பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு உப்புத் தண்ணீரில் போட்டுத் துரு ஏற்றியவன்தான் திருடன். கடைக்காரரே தேய்த்தாரா, அவருக்கு முன் யாராவதா என்று எனக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கலாம் என்று போன் செய்தேன். எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பில்லைப் பார்த்தால் "இரும்புத் தாங்கி, ஒன்று" என்று மட்டும் இருக்கிறது. பழையது என்று எங்கும் எழுதவில்லை. கில்லாடிகள்.

அன்றிலிருந்து என் பழக்கம் இதுதான்: கடையில் முதலில் திருப்புகிறேன், அப்புறம்தான் விலை பார்க்கிறேன். பின்பக்கம் உலோகத்தை ஊற்றிய வாயின் தடம் ஒடிந்த மாதிரி இருக்கிறதா, மிசின் கோடு ஓடுகிறதா. காலின் அடி தேய்ந்து மழமழவென்று இருக்கிறதா, இல்லை நேற்று வார்த்தது போல மணல் பொரியாக இருக்கிறதா. நூறு வருடம் மேசையில் இழுபட்ட காலுக்கு அடி தேயாமல் இருக்காது. துரு என்றால் விரலால் தடவிப் பார்ப்பேன். பழைய துரு கருஞ்சிவப்பாக இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், கையோடு வராது. என் சுடிதாரில் வந்தது புதுத் துரு. வேலைப்பாட்டின் ஓட்டைகளுக்குள் விரலை விட்டால் பழையதில் ஓரங்கள் வழுவழுவென்று இருக்கும், மட்டமான நகலில் பிசிறு குத்தும்.

இப்போது ஒவ்வொன்றாக.

முதலில் சேவல், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அதுதான். வில்டன் என்று பின்னால் எழுதியது, ரைட்ஸ்வில் ஊர் வார்ப்பு, 6 டாலர். ஆடம்ஸ்டவுனில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்த பத்துப் பதினைந்தில் கையை விட்டு எடுத்தது. பென்சில்வேனியா டச்சு, அதாவது இங்கே குடியேறிய ஜெர்மன்காரர்களின், பாணியில் கறுப்பு இரும்பின்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், கொண்டையில் வண்ணம் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கிறது. சேகரிக்கிறவர்கள் பலர் இதை மதிக்க மாட்டார்கள், 1940களுக்குப் பிறகு பழைய காலத்து மோகத்தில் சுவரில் மாட்டுவதற்காகவே செய்தது, அதனால் விலையும் இல்லை. எனக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. இது யாரையும் ஏமாற்றவில்லை, தன் பெயரைத் தன் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதே ஊரிலிருந்து ஜான் ரைட் என்ற பெயரிலும் நிறைய வந்திருக்கின்றன. "முத்தம் தேய்ந்துவிடும், சமையல் தேயாது" என்று எழுதிய ஒன்றைக்கூடப் பார்த்தேன், வாங்கலாம் என்றேன், கணவர் வேண்டாம் என்றார்.

ரைட்ஸ்வில்லுக்கு ஒரு நாள் சும்மாவே போய் வாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். சஸ்குவஹானா ஆறு அங்கே அகலமாக, அவசரம் இல்லாமல் ஓடும், எதிர்க்கரையில் கொலம்பியா. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூன் 28 அன்று தென்மாநிலப் படை ஆற்றைத் தாண்டிவிடக் கூடாதென்று இங்கே இருந்த மரப்பாலத்தைக் கொளுத்திவிட்டார்கள். அந்தப் பழைய பாலத்தின் தூண்கள் இன்னும் தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன. டிரிவெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் அந்தக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்ட புளிசாதம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

சேவலில் ஒரே கவலை வண்ணம். அமெரிக்காவில் வீட்டு உபயோக வண்ணத்தில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல்தான். அதற்கு முந்தைய வண்ணம் பூசிய எதுவாக இருந்தாலும் காரீயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் சேவல் சுவரிலேயே இருக்கிறது, பாத்திரம் வைப்பதில்லை. வீட்டில் குழந்தை இருந்து, வண்ணம் உரிந்துகொண்டிருந்தால் வாங்கவே வேண்டாம். ஐந்துக்கு நாலு.

கிரிஸ்வோல்ட். இந்தப் பெயரைக் கேட்டால் இங்கே இரும்புச் சட்டி சேகரிக்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். ஈரி நகரத்தில் 1865இல் ஆரம்பித்து 1957இல் மூடிய கம்பெனி. சட்டியின் விலைக்கு நாம் போக முடியாது, ஆனால் அவர்கள் கடைசிக் காலத்தில் செய்த அலங்கார டிரிவெட்டுகள் கைக்கு அடங்கும். என்னிடம் இருப்பது "குடும்ப மரம்" என்கிற டிசைன், பிடி வைத்தது, 20 டாலர். பின்னால் கம்பெனி பெயர், ஊர் பெயர், ஒரு எண், மூன்றும் தெளிவாக இருக்கின்றன. வார்ப்பு என்றால் இது. கிளையும் இலையும் அவ்வளவு மெல்லிசாக வந்திருக்கிறது, ஓட்டைகளின் உள் ஓரத்தில் நகத்தை ஓட்டினால்கூடத் தடுக்காது. மாமா இதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "மண்ணு நல்ல மண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

ஆனால் இந்தப் பெயருக்கு விலை இருப்பதால் இதற்கும் போலி உண்டு, பெயரோடு சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். மண்ணில் வருடம் விழுகிற மாதிரி பெயரும் விழும் அல்லவா. எழுத்து மழுங்கி, மேற்பரப்பு உப்புமா மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஐந்துக்கு ஐந்து, நிஜமாக இருந்தால்.

நடுவில் பெரிய ஆங்கில ஈ எழுத்து வைத்த இஸ்திரித் தாங்கி, 12 டாலர். பிலடெல்பியாவின் என்டர்பிரைஸ் கம்பெனி, காபிக்கொட்டை அரைக்கிற மிசினுக்கும் கறி கொத்துகிற மிசினுக்கும் பெயர் போனது. அவர்கள்தான் மிஸஸ் பாட்ஸ் இஸ்திரிப் பெட்டியையும் செய்து விற்றார்கள். அயோவாவின் ஒட்டும்வா ஊரைச் சேர்ந்த மேரி ஃப்ளாரன்ஸ் பாட்ஸ் 1871இல் காப்புரிமை வாங்கியது. இரண்டு பக்கமும் கூர் முனை, மரப்பிடி தனியே கழலும். ஒரு பிடி, மூன்று இரும்பு, ஒன்று ஆறியதும் பிடியைக் கழற்றிச் சூடானதில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான், கையும் சுடாது. எத்தனை ஆயிரம் பெண்களின் உள்ளங்கை பிழைத்திருக்கும். இந்தத் தாங்கிக்கும் இரண்டு முனையும் கூர். கால் தேய்ந்து ஒரு பக்கம் லேசாக ஆடுகிறது, அதற்காகவே எனக்குப் பிடிக்கும். பெருவாரியாக வார்த்த சாமான் என்பதால் நிறையக் கிடைக்கும், பெரிய விலை கொடுக்காதீர்கள். ஐந்துக்கு நாலரை.

வர்ஜீனியா மெட்டல்கிராஃப்டர்ஸ், வேய்ன்ஸ்போரோ. என்னிடம் இருப்பது பித்தளை, 15 டாலர். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தால் கண் கூசும். வாங்கும்போது பின்னால் 1940களின் வருடம் ஒன்றைக் காட்டி அப்போதே வார்த்தது என்பார்கள். அது அந்த டிசைனுக்கு உரிமை பதிந்த வருடம், அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அதே அச்சில் வார்த்திருக்கலாம். தேவையில்லாமல் வாங்கியதில் இதுவும் ஒன்று, ஆனால் விற்க மனசில்லை. இன்னொன்று என்னவென்று கேட்காதீர்கள்.

புதிதாகவே வேண்டும், பழைய துருவோடு மல்லுக்கட்ட முடியாது என்கிறவர்களுக்கு லாட்ஜ். டென்னசியில் சவுத் பிட்ஸ்பர்க், 1896இலிருந்து இருக்கிறார்கள். அவர்களுடைய 8 இஞ்ச் வட்டத் தட்டு டச்சு அவன் என்கிற மூடி போட்ட கனத்த இரும்புப் பானைக்குள் கறி அடியில் ஒட்டாமல் இருக்கப் போடுவது, மேசைக்கும் ஆகும். அழகு என்று சொல்ல மாட்டேன், சாக்கடை மூடி மாதிரித்தான் இருக்கும். ஆனால் வாங்கிய அன்றே பழக்கித் தருகிறார்கள், ஐந்து நிமிடத்தில் உபயோகிக்கலாம். நான் அதைப் பிரியாணிக்கு தம் போடும்போது உள்ளே போடுகிறேன், அடி பிடிப்பது நின்றுவிட்டது. ஐந்துக்கு நாலு.

நம் பாத்திரங்களோடு ஒத்துப்போகுமா என்பதை எந்த வெள்ளைக்காரரும் எழுதி வைக்க மாட்டார், அதை நான் சொல்கிறேன். இங்கே எல்லாப் பாத்திரத்துக்கும் அடி தட்டை. நம் வாணலிக்கும் உருளிக்கும் அடி வளைவு, தட்டையான டிரிவெட்டில் வைத்தால் பம்பரம் மாதிரி ஆடும். அவற்றுக்கு நடுவில் பெரிய வட்ட ஓட்டை உள்ளதாகப் பாருங்கள், பிரிமணையில் உட்காருகிற மாதிரி பாந்தமாக உட்காரும். அந்த விதத்தில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, எண்ணெய்ச் சட்டிக்கு என் வீட்டிலேயே சிறந்ததாக இருந்தது அந்த 45 டாலர் போலிக் குதிரை லாடம்தான். அதே லாடத்தில் ஈயச் சொம்பை வைத்தேன், அடி சின்னது அல்லவா, நடு ஓட்டைக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து கால் சொம்பு ரசம் மேசையில். ஈயச் சொம்புக்குக் கிரிஸ்வோல்ட் மாதிரி நெருக்கமான வேலைப்பாடு வேண்டும். அஞ்சு லிட்டர் குக்கருக்கு என்டர்பிரைஸ் தாங்கி போதாது, குறுகல், இடித்தால் கவிழும்.

அப்புறம் கால் உயரம். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கால் அரை இஞ்ச்தான் இருந்த ஒரு நகலின்மேல் சாம்பார் குக்கரை இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். குக்கரைத் தூக்கினால் மேசை வார்னிஷில் நாலு வெள்ளைப் பொட்டு. இரும்பு சூட்டைத் தடுக்காது, வாங்கிக் கால் வழியாகக் கீழே அனுப்பும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு இஞ்ச்சுக்கு மேல் கால் உயரம் உள்ளதாக வாங்குங்கள், காலின் அடியில் சின்ன ஃபெல்ட் வட்டம் ஒட்டிக்கொள்ளுங்கள். கிரானைட் மேடையில் கீறலும் விழாது. பழைய அபூர்வமான சாமானில் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள், அதைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

சுத்தம் செய்வது பற்றி ரொம்பப் பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பழையது என்று உறுதியாகத் தெரிந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். அந்தக் கறுப்பு போனால் விலையும் போகும். தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைத்து, மெழுகு லேசாகப் பூசினால் போதும். தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி நல்லெண்ணெய் தடவினேன் நான், மேசை விரிப்பெல்லாம் எண்ணெய் வட்டம், அதோடு நிறுத்திவிட்டேன். சாதாரண நகல் துருப்பிடித்துக் கிடந்தால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் வினிகர் இரும்பையே தின்ன ஆரம்பித்துவிடும். வண்ணம் பூசியதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, மேலே காரீயம் பற்றிச் சொன்ன காரணம்தான்.

எது வாங்கலாம் என்றால், முதல் தடவை வாங்குகிறவர்கள், கம்பெனி பெயர் எழுதிய 1950கள் பக்கத்து நகலைப் பத்து டாலருக்குள் வாங்குங்கள். பெயர் இல்லாததற்கு, அது எவ்வளவு பழசு என்று யார் சத்தியம் செய்தாலும், இருபதுக்கு மேல் கொடுக்காதீர்கள். பழசு என்று சொல்லி விற்றால் அந்த வார்த்தையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விலை தானாக இறங்கும், நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

போன டிசம்பரில் கோயம்புத்தூர் போனபோது குதிரை லாடத்தைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன், மாமா கையில் கொடுத்துப் பார்க்கட்டும் என்று. விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், இது என்ன என்று கேட்டவருக்கு நான் பாத்திரம் வைப்பது என்று விளக்கி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திருப்பிப் பார்த்தார், கட்டை விரலால் அந்தத் தேய்த்த வட்டத்தைத் தடவினார், எடையைக் கையிலேயே தூக்கிப் பார்த்தார். "போலின்னாலும் வார்ப்புல ஒரு ஓட்ட ஒடசல் இல்ல அம்மிணி, எவனோ தொழில் தெரிஞ்சவன் ஊத்துனதுதான்" என்றார். அத்தை அதை வாங்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்துவிட்டாள். இப்போது அதன்மேல் பால் சட்டி இருக்கிறதாம்.